கலங்கல் தண்ணீரில் ஸ்கூபா: நெல்லைச் சீமையில் முதல்முறை இறங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

கோவளத்திலோ புதுச்சேரியிலோ பயிற்சி முடித்து, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற அட்டையோடு ஊருக்குத் திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறோம். குளமும் குவாரிக் குழியும் பக்கத்திலேயே தண்ணீரோடு கிடக்கும்போது இறங்கிப் பார்க்க ஆசை வரும். ஆனால் அந்த அட்டை, பயிற்சி எடுத்த நிலைமையை ஒத்த தண்ணீருக்குத்தான் செல்லும். பத்து மீட்டர் தூரம் தெரிந்த கடலில் கற்றுக்கொண்டவர், நீட்டிய கை தெரியாத தண்ணீரில் மறுபடியும் புதியவர்தான். முதல் சில தடவை, இப்படிப்பட்ட தண்ணீரில் பழகிய ஒருவரோடு மட்டும் இறங்குங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

கண் உதவாத இடத்தில் கையிலிருக்கும் கயிறுதான் வழி. அந்தக் கயிற்றை எங்கே, எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் கரையிலேயே முடிவாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் கரை வேலைதான்.

1. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

அணைகளை முதலிலேயே விட்டுவிடுங்கள். காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. நீர்வளத்துறை, வனத்துறை இரண்டின் கட்டுப்பாடும் உண்டு. காரையாற்றில் முதலையும் உண்டு. மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் எடுக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பாசனக் குளம். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் குளத்தில் நீரில் மூழ்கும் அளவுக்கு ஆழம் இருப்பது பெரும்பாலும் கரையை ஒட்டித்தான். மடையும் அங்கேதான் இருக்கிறது. கரையை விட்டு விலகி உள்வாய்ப் பக்கம் போகப்போக இடுப்பளவுத் தண்ணீரும் முழங்கால் அளவு வண்டலும்தான் மிஞ்சும். ஆழத்தைத் தேடிப் போகிறவர் தெரியாமலே மடையை நோக்கிப் போய்விடுகிறார்.

மடை ஏன் ஆபத்து என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நாலு மீட்டர் ஆழத்தில் திறந்திருக்கும் மடைவாய் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 0.4 கிலோ விசையோடு இழுக்கும். வாய் 30-க்கு 30 சென்டிமீட்டர் என்றால் 900 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு உடல் அடைத்துக்கொண்டால் மேலே அழுத்துவது 360 கிலோ. யாரும் கையால் இழுத்து மீட்க முடியாது. இன்னொன்று, கிட்டப் போகும்வரை இழுப்பே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இதோடு பருவமும் சேர்ந்து எதிராக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை செம்மண்ணை அடித்துக்கொண்டு வரும். அது படிந்து தண்ணீர் தெளிவது ஜனவரிக்குப் பிறகுதான். ஆனால் அப்போது பிசான நெற்பயிர் வயலில் நிற்கும், மடை திறந்திருக்கும். அறுவடை முடிந்து மடை அடைபட்டதும் வெயில் ஏறிவிடும், தண்ணீர் வற்றிப் பாசி பிடித்துவிடும். குளத்தில் தெளிவும் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்து வரும் நாட்கள் மிகக் குறைவு.

அதனால் எங்கள் முடிவு: முதல் இறக்கத்துக்கு, வேலை நின்றுபோன, மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் தேங்கிய குவாரிக் குழிதான் நல்லது. மடை கிடையாது, ஓட்டம் கிடையாது, பிப்ரவரி மார்ச்சில் தண்ணீர் ஓரளவு தெளியும். அதற்கும் தனி ஆபத்துகள் உண்டு. சுவர் செங்குத்தாக இருப்பதால் ஏறி வர இடம் இருக்காது. அடியில் இரும்புக் கம்பி வடமும் பழைய இயந்திரமும் கிடக்கலாம். ஆழமும் 18 மீட்டரைத் தாண்டலாம். லாரி இறங்கிய சரிவுப் பாதை தண்ணீருக்குள் போகும் குழியாகப் பாருங்கள். அந்தச் சரிவு இல்லாத குழியில் இறங்கவே வேண்டாம், ஏனென்றால் களைத்துப்போனவரைத் தூக்கிக் கரையேற்ற வேறு வழி இருக்காது.

கிணறு எவ்வளவு அகலமாக இருந்தாலும் பட்டியலில் சேராது. ஊர்ச் சாக்கடை கலக்கும் குளமும், கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயமும் அப்படித்தான்.

2. யாரிடம் சொல்ல வேண்டும்

பட்டா நிலத்துக் குவாரி என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். புறம்போக்கு என்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. குளம் என்றால் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும் பேசியாக வேண்டும். வலை எங்கெங்கே கட்டிக் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் ஓடுகிற குவாரி இருந்தால், அங்கே வெடி வைக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெடி அதிர்ச்சி காற்றைவிடத் தண்ணீரில் கடுமையாகப் பரவி நுரையீரலையும் காதையும் தாக்கும். வெடி வைக்கும் நாளில் இறங்காதீர்கள்.

வி.ஏ.ஓ.விடமும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கரையில் கிடக்கும் செருப்பையும் சட்டையையும் பார்த்து ஊரே கூடிவிடும்.

சிலிண்டரோடு ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வேறொன்றும் நடக்கும். "தம்பி, நம்ம கிணத்துல மோட்டார் விழுந்து கிடக்கு, கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்" என்பார்கள். மூழ்கிப்போனவர் உடலைத் தேடித் தரச் சொல்லிக் கையைப் பிடித்து அழுபவர்களும் வருவார்கள். மறுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழைத்துக் கொடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கடலில் பயன்படுத்திய ஸ்கூபா சாமான்கள் எல்லாம் இங்கேயும் வேண்டும். அவற்றோடு கூடுதலாக:

- 8 அல்லது 10 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 40 மீட்டர். பாலிப்ரொப்பிலின் கயிறு மிதந்து வளைந்து காலைச் சுற்றும், வேண்டாம்.
- மூடி இறுகிய 20 லிட்டர் மஞ்சள் கேன், மிதவைக்கு.
- பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றிச் செய்த 10 கிலோ எடை. தண்ணீருக்குள் இதன் எடை சுமார் 6 கிலோதான் இருக்கும், கேன் தாராளமாகத் தாங்கும்.
- ஆளுக்கு இரண்டு டார்ச். ஒளி குறுகலாக விழும் வகை வேண்டும். அகல ஒளி மிதக்கும் வண்டலில் பட்டு முகத்துக்கு நேரே வெள்ளைத் திரையாகத் திரும்பும்.
- ஆளுக்கு இரண்டு வெட்டும் கருவி. ஒன்று ஆஸ்பத்திரியில் கட்டு வெட்டும் கத்தரி. தங்கூசி எனும் மெல்லிய நைலான் இழை வலையைக் கத்தியைவிட அது நன்றாக வெட்டும். ஒன்று நெஞ்சுப் பக்கம், இன்னொன்று இடுப்பில், எந்தக் கைக்கும் எட்டும்படி. கெண்டைக்காலில் கட்டாதீர்கள், சிக்கிய நேரத்தில் குனிய முடியாது.
- 3 மில்லிமீட்டர் முழு வெட்சூட், கையுறை, கெட்டியான பூட்ஸ். மேல்தண்ணீர் சுடுகிறதே என்று அரைக்கால் சூட்டோடு இறங்காதீர்கள். ஆழக் குழியில் சில மீட்டருக்குக் கீழே சட்டென்று குளிர்ந்த அடுக்கு வரும். உடைமுள், கண்ணாடிச் சில்லு, கம்பி எல்லாவற்றுக்கும் அந்தச் சூட்தான் தடுப்பு.
- சிறிய ஜிப் பை ஒன்று, குடிநீர் நிரப்பி. எதற்கென்று ஏழாவது பகுதியில் வரும்.

சிலிண்டரை ஸ்கூபா மையத்தில் மட்டும் நிரப்புங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், சங்கு குளிக்கும் படகில் ஓடும் கம்ப்ரஸர் இரண்டும் வேண்டாம். எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் கலந்த காற்று கரையில் லேசான தலைவலி தரும். ஆழத்தில் மயக்கமே தந்துவிடும்.

4. முதல் நாள் வெறும் அளவெடுப்பு

இறங்கும் நாளுக்கு முந்தைய நாள் சிலிண்டர் இல்லாமல் போங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, சரிவுப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து பல இடங்களில் ஆழம் பாருங்கள். தாளில் படம் வரையுங்கள். கயிறு இழுக்கும்போது எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு குறி போடுங்கள். அந்த இடத்தை விட்டு விலகித்தான் மறுநாள் மிதவை கட்ட வேண்டும்.

தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் தட்டு ஒன்றை நாலு கால்பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, எடை கட்டி, கயிற்றில் இறக்குங்கள். நண்பகலில், நிழல் பக்கம் நின்று பாருங்கள். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறியுங்கள்.

நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு மீட்டருக்குள் மறைந்தால் புதியவர் இறங்கக் கூடாது. ஒன்று முதல் இரண்டு மீட்டர் என்றால் உடன் இறங்கும் ஜோடியின் கையை விடாமல், 6 மீட்டர் ஆழத்தோடு நிறுத்த வேண்டும். இரண்டுக்குமேல் என்றால் கயிற்றோரம் 8 மீட்டர் வரை. மேலே தெளிவாகத் தெரிந்தாலும் அடியில் வண்டல் கிளம்பினால் எல்லாம் ஒன்றுதான், ஆகையால் தட்டு நாலு மீட்டர் காட்டினாலும் கயிறு கட்டாமல் இறங்காதீர்கள்.

5. கயிறு கட்டும் முறை

கயிற்றின் ஒரு முனையைக் கரையில் அசையாத பாறையிலோ மரத்திலோ கட்டுங்கள். அங்கிருந்து தண்ணீரின் மேலாக மிதவைக் கேன் வரை போகட்டும். கேனிலிருந்து எடை கட்டிய கயிறு நேராகக் கீழே தொங்க வேண்டும்.

புதியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை, எடையை அடித்தரையில் போட்டுவிடுவது. தரையில் உட்கார்ந்த எடை வண்டலைக் கிளப்பும். கயிறும் தொய்ந்து சரியும். அதைப் பிடித்து இறங்குபவர் தரையில் போய் முட்டுவார். ஆழம் 15 மீட்டர் இருக்கும் குழியில் கயிற்றை 8 மீட்டரில் நிறுத்தித் தொங்கவிடுங்கள். கயிறு முடிந்தால் இறக்கமும் முடிந்தது. 2, 5, 8 மீட்டரில் கையில் தட்டுப்படும்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுகள் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாதபோது விரல் எண்ணிச் சொல்லும்.

கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்ளாதீர்கள், கையால் பிடித்தால் போதும்.

6. எடை சரிபார்ப்பு

நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைவு, தாங்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால், கடலில் போட்டதைவிடச் சுமார் 2.5 கிலோ ஈயத்தைக் குறைக்க வேண்டும். கடல் கணக்கிலேயே பெல்ட்டைக் கட்டி வருபவர் நேராகச் சேற்றில் போய் உட்காருவார். பிசிடியில் (காற்றேற்றி மிதக்க உதவும் ஜாக்கெட்) காற்றை ஏற்றி மேலே எழும்பப் பார்ப்பார், பிறகு கட்டுப்பாடு இல்லாமல் மிதந்துவிடுவார்.

சரிவுப் பாதையில் நெஞ்சளவுத் தண்ணீர் தாண்டியதும் பாருங்கள். பிசிடியில் காற்று இல்லாமல், மூச்சைச் சாதாரணமாக வைத்திருக்கும்போது கண்மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் அதன்மேல் 2 கிலோ கூட்டுங்கள். முழுதாக இருக்கும்போது 11 லிட்டர் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோ எடை. கடைசியில் அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

7. கரையில் பேசி முடிக்க வேண்டியவை

மூன்று பேர் வேண்டும். இருவர் இறங்க, ஒருவர் கரையில். கரையில் இருப்பவர் இறங்கிய நேரத்தையும் ஏற வேண்டிய நேரத்தையும் எழுதி வைப்பார். பத்து நிமிடம் தாண்டினால் 101-க்கும் 108-க்கும் அழைப்பார். ஊர்ப் பிள்ளைகள் மஞ்சள் கேனைப் பார்த்ததும் நீந்தி வந்து இழுக்கத்தான் செய்வார்கள், அவர்களைத் தடுப்பதும் அவர் பொறுப்பு.

காற்றுக் கணக்கு: 11 லிட்டர் சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார். 50 பார் மிச்சம் வைத்தால் கையில் இருப்பது 1650 லிட்டர். பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும், 8 மீட்டரில் அழுத்தம் 1.8 மடங்கு என்பதால் 45 லிட்டர் ஆகும். கணக்குப்படி 36 நிமிடம் வரும். ஆனால் 25 நிமிடத்துக்கே திட்டமிடுங்கள். இருவரில் ஒருவர் 100 பார் தொட்டால் இருவருமே ஏற வேண்டும்.

கை ஜாடை தெரியாது என்பதால் தொடு ஜாடை பேசிக்கொள்ளுங்கள். ஜோடியின் முழங்கைக்குமேல் ஒரு அழுத்தல் என்றால் "சரியா?", அதே பதில் என்றால் "சரி". இரண்டு என்றால் நில். மூன்று என்றால் மேலே. விடாமல் அழுத்தினால் காற்று இல்லை. கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருதடவை செய்து பாருங்கள். ஜோடியின் மாற்று ரெகுலேட்டரை, அதாவது மூச்சு விடும் வாய்க்கருவியில் இரண்டாவதை, கண் திறக்காமல் தொட்டு எடுக்கத் தெரிந்த பிறகுதான் தண்ணீர்.

ஜிப் பையின் பயன் இங்கேதான். பிரஷர் கேஜைக் கண்ணுக்கு நேரே பிடித்தும் எண் தெரியாவிட்டால், குடிநீர் நிரப்பிய பையை மாஸ்குக்கும் கேஜுக்கும் நடுவில் அழுத்தி வையுங்கள். நடுவிலிருந்த கலங்கல் விலகிவிடும், டார்ச் பக்கத்திலிருந்து பட்டால் எண் தெரியும்.

8. இறக்கம்

சரிவுப் பாதையில் நடந்து இறங்குங்கள். பாறையிலிருந்து குதிப்பது கடல் படகுப் பழக்கம், இங்கே அடியில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. கரைக் கயிற்றைப் பிடித்து மிதவை வரை நீந்துங்கள். அங்கே மூச்சு சீராகும்வரை நில்லுங்கள்.

காலைக் கீழே வைத்து, நின்ற வாக்கில் இறங்குங்கள். தலைகீழாக இறங்கினால் இருட்டில் தலை சுற்றும். ஒரு கை கயிற்றில், ஒரு கை ஜோடியின் தோளில். 2 மீட்டர் முடிச்சில் நின்று காதைச் சரிசெய்து, ஒருவரையொருவர் கேட்டு, பிறகு 5-க்குப் போங்கள்.

எந்தப் பக்கம் மேல் என்பது குழம்பினால் கண்ணை நம்பாதீர்கள். விடும் குமிழி கன்னத்தில் உரசி எந்தத் திசையில் போகிறதோ அதுதான் மேல். தெரியாமல் மிதந்துபோவதும் அமிழ்வதும் இங்கே சாதாரணம், அதனால் ஆழமானியை நிமிடத்துக்கு ஒருதடவை பாருங்கள்.

9. அடியில் இருக்கும்போது

முதல் தடவை கயிற்றின் முனையிலேயே மிதந்து நிற்பதுதான் முழு வேலை. அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றும் தெரியாத இடத்தில் பத்து நிமிடம் அசையாமல், மூச்சு ஏறாமல் நிற்கப் பழகியவரே அடுத்த தடவை கயிறு விரித்துப் போகலாம்.

தரைக்கு ஒரு மீட்டருக்குள் போகாதீர்கள். காலை மேலும் கீழும் அடிக்காமல், முழங்காலை மடித்துத் தவளை போல் பக்கவாட்டில் தள்ளுங்கள். மேல்கீழ் உதை ஒன்றே போதும், கரம்பை வண்டல் கிளம்பி அரைமணி நேரம் அடங்காது. கிளம்பிவிட்டால் நகராமல் கயிற்றைப் பிடித்து ஒரு மீட்டர் மேலே ஏறி நில்லுங்கள்.

வலையோ கம்பியோ சிக்கினால் திரும்பாதீர்கள். திரும்பும் ஒவ்வொரு சுற்றும் சிலிண்டர் வால்வில் இன்னொரு சுற்றாக ஏறும். நின்று, வந்த வழியிலேயே கொஞ்சம் பின்வாங்கி, ஜோடிக்கு இரண்டு அழுத்தல் கொடுங்கள். முதுகுப் பக்கச் சிக்கை ஜோடிதான் வெட்ட வேண்டும். ஃபின்ஸ் பட்டையின் தொங்கும் நுனிகளைக் கரையிலேயே டேப் ஒட்டி மடக்கிவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

ஜோடி கைவிட்டுப் போனால் தேடிப் போகாதீர்கள். கயிற்றைப் பிடித்தபடி டார்ச்சைச் சுற்றிக் காட்டுங்கள், ஒரு நிமிடம் பாருங்கள், மெதுவாக மேலே வாருங்கள். அவரும் அதையே செய்வார் என்ற பேச்சு இருந்தால்தான் இது பலிக்கும். கயிற்றை விட்டுத் தேடப் போனால் காணாமல் போனவர் இருவராகிவிடுவார்கள்.

பிசிடியில் காற்றேற்றும் பித்தானில் மணல் சிக்கி, கை எடுத்தும் காற்று ஏறிக்கொண்டே இருக்கலாம். உடனே அதன் குழாயைக் கழற்றிவிட்டு, காற்றை வெளியேற்றுங்கள். இதைக் கண் மூடிச் செய்யப் பழகுங்கள். மாஸ்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியை மட்டும் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீர் மூக்குக்குள் ஏறுவதுதான் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு வழி; கேரளத்தில் 2024-ல் வந்த நோயாளிகள் நினைவிருக்கும்.

10. ஏற்றம்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 8 மீட்டரிலிருந்து வர ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்காதீர்கள். 5 மீட்டர் முடிச்சில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கடைசி இரண்டு மீட்டரில் ஒரு கையைத் தலைக்குமேல் நீட்டி வாருங்கள். மிதவைக் கேன், மிதந்து வந்த முள்கிளை எதுவும் தலையில் படலாம். மேலே வந்ததும் பிசிடியில் காற்றேற்றி, கரைக் கயிற்றைப் பிடித்தே திரும்புங்கள்.

11. இறங்கி வந்த பிறகு

காதை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். கீறல் இருந்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரெகுலேட்டரை வாளித் தண்ணீரில் ஊறவைக்கும்போது தூசு மூடியைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், வாய்க்கருவியின் முன்னால் இருக்கும் பர்ஜ் பித்தானை அழுத்தாதீர்கள்; அழுத்தினால் கலங்கலோடு தண்ணீர் குழாய்க்குள் ஏறும். மூச்சு வெளியேறும் ரப்பர் தகட்டுக்கு அடியில் ஒரு மணல் நின்றாலும் அடுத்த தடவை ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் கலந்து வரும்.

இடத்தின் உயரத்துக்கேற்ப ஆழ நேரக் கணக்கை மாற்றும் உயரத் திருத்தம் சமவெளிக் குழிகளுக்குத் தேவையில்லை. 300 மீட்டருக்கு மேல் உள்ள மலை நீர்நிலைகளுக்குத்தான் அது. ஆனால் இறங்கிய அன்றே மாஞ்சோலை, கோதையாறு பக்கம் மலையேறக் கூடாது. ஒரே இறக்கம் என்றால் 12 மணி நேரம், இரண்டு மூன்று என்றால் 18 மணி நேரம் சமவெளியிலேயே இருங்கள். விமானத்துக்கும் இதே கணக்கு.

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "ஸ்கூபா இறங்கியவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆழத்தையும் நேரத்தையும் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். இந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனையின் எண்ணை முன்பே விசாரித்து அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டிலுமே தேங்கிய நன்னீரில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று வரும் ஒருவரிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்காமலே போகலாம்.